தாவுமா, தங்குமா? மாறும் சூழலில் குவாண்டம் நிலைகளைக் கணக்கிடப் பழகுவது எப்படி

கடலூரிலும் புதுச்சேரியிலும் இயற்பியல் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது, பெரும்பாலானவர்கள் ஒரே இடத்தில் தடுமாறுவதைப் பார்க்கிறேன். போர் அணு மாதிரியைக் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள்: எலக்ட்ரான் ஒரு மட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், ஒளி வரும். அதன்பின், "சரி, அணுவைச் சுற்றியிருக்கும் காந்தப்புலத்தை நாமே மாற்றிக்கொண்டே போனால் எலக்ட்ரான் தாவுமா, இருந்த மட்டத்திலேயே இருக்குமா?" என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். பாடத்திட்டம் நிலையான மட்டங்களுக்கு நிறைய நேரம் தருகிறது, மாறும் மட்டங்களுக்குக் கொஞ்சம்தான் தருகிறது. இன்றைய குவாண்டம் கணினி, எம்.ஆர்.ஐ., அணுக்கடிகாரம் எல்லாமே இரண்டாவது பகுதியை நம்பித்தான் ஓடுகின்றன.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது பகுதிக்கு. பிளஸ் டூ கணக்கு தெரிந்திருந்தால் போதும். கலப்பெண், இரண்டுக்கு இரண்டு அணி, அடுக்குக்குறிச் சார்பு ஆகியவை தெரிய வேண்டும். கூடவே ஒரு நூல், ஒரு கனமான பூட்டு, வரைபடத்தாள், இணைய வசதியுள்ள ஒரு கைப்பேசி அல்லது மடிக்கணினி.

தொடக்கத்திலேயே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். சூழல் எவ்வளவு மாறியது என்பதைவிட எவ்வளவு வேகமாக மாறியது என்பதுதான் முக்கியம். அந்த வேகத்தை எதனோடு ஒப்பிடுவது? இரண்டு மட்டங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியோடு. கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒப்பீட்டைக் கையில் பழக்குவதற்குத்தான்.

முதல் படி: இடைவெளியைக் கண்ணால் பாருங்கள்

பி.எஸ்சி. ஆய்வகத்தில் சோடியம் ஆவி விளக்கும், நிறமாலைமானியும், கீற்றணியும் இருக்கும். அலைநீளம் கணக்கிட்டுக் கையொப்பம் வாங்கியதோடு விட்டுவிடாமல், அடுத்த முறை இரண்டாம் வரிசை மஞ்சள் கோட்டில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். பிளவைக் குறுக்கினால் அது இரண்டாகப் பிரியும். ஒன்று 589.0 நானோமீட்டர், மற்றொன்று 589.6. அங்குலத்துக்கு 15,000 கோடுள்ள கீற்றணியில் இரண்டுக்கும் நடுவே சுமார் 3 மினிட் கோணம்தான் இருக்கும். வெர்னியரின் மீச்சிற்றளவு 1 மினிட் என்பதால் பொறுமையாகப் பார்த்தால் அளந்தும்விடலாம்.

இப்போது அலைநீளத்தை ஆற்றலாக மாற்றுங்கள். 1240-ஐ நானோமீட்டரால் வகுத்தால் எலக்ட்ரான் வோல்ட் கிடைக்கும். 589-க்கு 2.1 எலக்ட்ரான் வோல்ட். அந்த இரண்டு கோடுகளுக்கும் இடையிலான வித்தியாசம் 0.002 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. ஒரே அணுவுக்குள் ஆயிரம் மடங்கு வேறுபடும் இரண்டு இடைவெளிகள் இருக்கின்றன. "மெதுவான மாற்றம்" என்று சொன்னால் எந்த இடைவெளிக்கு மெதுவானது என்று உடனே கேட்கும் பழக்கம் இங்கேதான் தொடங்க வேண்டும்.

இன்னொரு மாற்றத்தையும் பழகுங்கள்: ஆற்றலைப் பிளாங்க் மாறிலியால் வகுத்து அதிர்வெண்ணாக்குவது. 1 எலக்ட்ரான் வோல்ட் என்பது 2.418 × 10¹⁴ ஹெர்ட்ஸ். ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள் இடைவெளியைப் பெரும்பாலும் மெகாஹெர்ட்ஸ், கிகாஹெர்ட்ஸ் என்றுதான் பேசுவார்கள். எல்லாவற்றையும் அதிர்வெண்ணாக எழுதினால் பிளாங்க் மாறிலியோடு போராடும் வேலை பாதி குறைந்துவிடும்.

இரண்டாம் படி: நூலும் பூட்டும்

1911-இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த சால்வே மாநாட்டில் லோரன்ட்ஸ் ஒரு கேள்வி கேட்டார். ஆடிக்கொண்டிருக்கும் தனி ஊசலின் நூலைக் குறுக்கினால் அதன் ஆற்றல் என்ன ஆகும்? மெதுவாகக் குறுக்கினால் ஆற்றலை அதிர்வெண்ணால் வகுத்த ஈவு மாறாது என்று ஐன்ஸ்டைன் பதில் சொன்னார். குவாண்டம் கணக்கில் அந்த ஈவு மட்டத்தின் எண்ணைக் குறிக்கிறது. ஈவு மாறவில்லை என்றால் மட்டம் தாவவில்லை என்று பொருள்.

இதை வீட்டிலேயே செய்யலாம். மேலே ஒரு வழவழப்பான கொக்கி வழியாக நூலைச் செலுத்தி, ஒரு முனையில் பூட்டைக் கட்டுங்கள், மறுமுனையைக் கையில் பிடியுங்கள். நம் கரையோர ஊர்களில் பகல் ஏறினால் கடற்காற்று வீசத் தொடங்கிவிடும். காலையிலேயே, ஜன்னலைச் சாத்திக்கொண்டு செய்யுங்கள்.

நூல் நீளம் 1 மீட்டர், பக்கவாட்டில் 10 சென்டிமீட்டர் விலக்கி விடுங்கள். கோணம் 5.7 டிகிரி, அலைவு நேரம் 2 வினாடி. மறுமுனையை அரை நிமிடம் எடுத்துக்கொண்டு, சீராக, நீளம் அரை மீட்டர் ஆகும்வரை இழுங்கள். உராய்வை விட்டுவிட்டால் கோணம் 9.6 டிகிரியாகும், பக்கவாட்டு விலக்கம் 8.4 சென்டிமீட்டருக்குக் குறையும். இழுக்கத் தொடங்கியபோது பூட்டு எங்கே இருந்தது என்பதைப் பற்றி இந்த விடைக்குக் கவலையில்லை.

அப்புறம் அதே அரை மீட்டரைச் சட்டென்று ஒரே இழுப்பில் இழுத்துப் பாருங்கள். பூட்டு நடுவே வேகமாகக் கடக்கும் கணத்தில் இழுத்தால் கோணம் 16 டிகிரிவரை போகும். ஓரத்தில் ஒரு கணம் நிற்கும்போது இழுத்தால் 5.7 டிகிரியிலேயே நிற்கும். தொடக்கமும் முடிவும் ஒன்றுதான், ஆனால் விடைகள் வேறு. வேகமான மாற்றத்தில் விளைவு கணத்தைப் பொறுத்தது, மெதுவான மாற்றத்தில் கணம் மறைந்துவிடுகிறது. இதே கூற்றைக் குவாண்டம் இயக்கவியலுக்கு 1928-இல் போர்ன், ஃபாக் இருவரும் நிரூபித்தார்கள். இடைவெளி மூடாமல் இருந்து, மாற்றமும் போதிய அளவு மெதுவாக இருந்தால், அமைப்பு தன் மட்டத்தைப் பிடித்துக்கொண்டே போகும். அடியாபாட்டிக் தேற்றம் என்று பாடநூல்களில் வருவது இதுதான். இந்தச் சோதனையைச் செய்யாமல் தேற்றத்தை மனப்பாடம் செய்பவர்களைவிட, செய்துவிட்டு வருபவர்கள் கணக்கில் வேகமாக முன்னேறுகிறார்கள். ஆகவே இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

மூன்றாம் படி: இரண்டு கோடுகளை வரையுங்கள்

நிஜ அணுவில் எத்தனையோ மட்டங்கள் உண்டு. ஆனால் தாவல் நடக்கும் இடத்தில் பெரும்பாலும் இரண்டு மட்டங்கள்தான் நெருங்கி வரும், மற்றவை தூரத்தில் கிடக்கும். அந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். பெயர் அ, ஆ.

வரைபடத்தாளில் கிடைமட்ட அச்சு நேரம், செங்குத்து அச்சு ஆற்றல். நாம் புலத்தை மாற்ற மாற்ற அ நிலையின் ஆற்றல் ஏறுகிறது, ஆ நிலையின் ஆற்றல் இறங்குகிறது. இரண்டு நேர்கோடுகள் நடுவே வெட்டிக்கொள்ளும். இதுவரை அ-வுக்கும் ஆ-வுக்கும் தொடர்பே இல்லை. அமைப்பு அ-வில் இருந்தால் கடைசிவரை அ-வில்தான் இருக்கும்.

இனி இரண்டுக்கும் ஒரு சிறு பிணைப்பைக் கொடுங்கள். அணியில் மூலைவிட்டத்தில் இரு மட்டங்களின் ஆற்றல், மற்ற இரு இடங்களிலும் அந்தப் பிணைப்பு. அணியின் ஐகன் மதிப்புகள்தான் பிணைப்புக்குப் பிறகான மட்டங்களின் ஆற்றல்கள். அவற்றைக் கண்டுபிடித்தால் மட்டங்களின் உண்மையான தூரம் வரும்: நேர்கோடுகளின் தூரத்தை வர்க்கமாக்கி, குறைந்தபட்ச இடைவெளியின் வர்க்கத்தைக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். குறைந்தபட்ச இடைவெளி 1 என்றால், நேர்கோடுகள் வெட்டும் இடத்தில் தூரம் 1, நேர்கோட்டுத் தூரம் 3 ஆகும் இடத்தில் 3.16, 10 ஆகும் இடத்தில் 10.05. புள்ளிகளைக் கையால் வைத்து இணையுங்கள். வெட்டவேண்டிய கோடுகள் வெட்டாமல், நெருங்கி வந்து, வளைந்து, விலகிப் போவது தெரியும். குறைந்தபட்ச இடைவெளி பிணைப்பின் இரு மடங்கு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு மடங்கை விட்டுவிட்டால் பின்னால் வரும் விடை பெரிதாகப் பிசகும்.

படத்தில் கவனிக்க வேண்டியது கீழ் வளைகோடு. இடது ஓரத்தில் அது அ நிலை, வலது ஓரத்தில் அதுவே ஆ நிலை. கோடு ஒன்றுதான், அதில் இருக்கும் நிலையின் தன்மை வழியிலேயே மாறிவிடுகிறது.

புதிதாக வருபவர்கள் குழம்பும் இடம் இது. மெதுவாகக் கடந்தால் அமைப்பு கீழ்க் கோட்டிலேயே தங்கும், ஆகவே அ ஆக இருந்தது ஆ ஆகிவிடும். வேகமாகக் கடந்தால் அமைப்புக்குத் தன்மையை மாற்றிக்கொள்ள நேரம் கிடைக்காது. அது அ ஆகவே இருக்கும், ஆனால் வலப்பக்கத்தில் அ என்பது மேல் கோடு. ஆக, கோட்டைப் பார்த்தால் வேகமாகப் போனது தாவிவிட்டது. தன்மையைப் பார்த்தால் மெதுவாகப் போனதுதான் மாறிவிட்டது. இரண்டு பேர் ஒரே சோதனையைப் பற்றி எதிரெதிராகப் பேசிக்கொண்டிருப்பதை இதனாலேயே பார்க்க நேரும். உங்கள் குறிப்பேட்டில் "தாவல் என்றால் கீழ்க் கோட்டிலிருந்து மேல் கோட்டுக்கு" என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டுத் தொடங்குங்கள். இந்தக் கட்டுரையிலும் அந்தப் பொருளில்தான் சொல்கிறேன்.

நான்காம் படி: ஒரு வாய்பாடு, ஒரு கால்குலேட்டர்

1932-இல் லாண்டாவ், ஜீனர், ஸ்டூக்கல்பர்க், மயோரானா என்று நான்கு பேர் தனித்தனியாக இதே கணக்குக்கு விடை கண்டார்கள். லாண்டாவ்-ஜீனர் வாய்பாடு என்ற பெயர் நிலைத்துவிட்டது. மற்ற இருவரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம் என்பது என் எண்ணம்.

எல்லாவற்றையும் அதிர்வெண்ணில் எழுதினால் வாய்பாடு மிக எளிது. குறைந்தபட்ச இடைவெளியை ஹெர்ட்ஸில் எடுத்து வர்க்கமாக்குங்கள். நேர்கோடுகளுக்கு இடையிலான தூரம் வினாடிக்கு எத்தனை ஹெர்ட்ஸ் மாறுகிறது என்பதுதான் வேகம், அந்த வேகத்தால் வகுங்கள். வருவதை 9.87-ஆல், அதாவது பை வர்க்கத்தால், பெருக்குங்கள். கிடைக்கும் எண்ணுக்குக் கழித்தல் குறி போட்டு 2.718-இன் அடுக்காக ஏற்றுங்கள். அதுதான் தாவும் நிகழ்தகவு.

எடுத்துக்காட்டாக, குறைந்தபட்ச இடைவெளி 10 மெகாஹெர்ட்ஸ் என்று வைப்போம். மட்டங்களை மைக்ரோவினாடிக்கு 1 கிகாஹெர்ட்ஸ் வீதம் நகர்த்துகிறோம், அதாவது வினாடிக்கு 10¹⁵ ஹெர்ட்ஸ். இடைவெளியின் வர்க்கம் 10¹⁴. ஈவு 0.1, பெருக்கினால் 0.987, தாவும் நிகழ்தகவு 0.37. இதையே பத்து மடங்கு மெதுவாக்கினால் நிகழ்தகவு 0.00005-க்கு விழும், லட்சத்தில் ஐந்து. பத்து மடங்கு வேகமாக்கினால் 0.91-க்கு ஏறும். வேகத்தை விட்டுவிட்டு இடைவெளியை மட்டும் இரு மடங்காக்கினால் 0.37 என்பது 0.02 ஆகிவிடும். இடைவெளி வர்க்கமாக வருவதால் அதில் செய்யும் சிறு மாற்றம்கூடப் பெரிதாகத் தெரிகிறது.

இந்த வாய்பாட்டுக்கு எல்லை உண்டு. மட்டங்கள் சீரான வேகத்தில் நகர வேண்டும், வெகுதூரத்திலிருந்து தொடங்கி வெகுதூரத்தில் முடிய வேண்டும், இரண்டு மட்டங்கள் மட்டும் இருக்க வேண்டும், வெளியிலிருந்து வெப்ப இரைச்சல் குறுக்கிடக் கூடாது. இவற்றில் ஒன்று உடைந்தாலும் அடுத்த படிக்குப் போய்விடுங்கள்.

ஐந்தாம் படி: கணினியில் ஓட்டுங்கள்

மடிக்கணினி இல்லாவிட்டாலும் கைப்பேசி உலாவியில் கூகுள் கோலாபைத் திறந்து பைத்தான் எழுதலாம். இரண்டு கலப்பெண்கள் வேண்டும், அ-வின் வீச்சும் ஆ-வின் வீச்சும். ஒரு வீச்சின் அளவை வர்க்கமாக்கினால் அந்த நிலையில் இருக்கும் நிகழ்தகவு வரும். அ-வின் மாறும் வீதம்: கழித்தல் கற்பனை அலகு, பெருக்கல் 6.283, பெருக்கல் அடைப்புக்குள் உள்ள தொகை. அடைப்புக்குள், வேகத்தில் பாதியை நேரத்தால் பெருக்கி அ-வின் வீச்சால் பெருக்கியதும், இடைவெளியில் பாதியை ஆ-வின் வீச்சால் பெருக்கியதும் சேரும். ஆ-வுக்கும் இதே அமைப்புதான். அ-வும் ஆ-வும் இடம் மாறும், நேரம் வரும் உறுப்புக்குக் கழித்தல் குறி வரும்.

மெகாஹெர்ட்ஸ், மைக்ரோவினாடி என்ற அலகுகளை வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி 1, வேகம் 10, நேரம் கழித்தல் 5-லிருந்து கூட்டல் 5 வரை. தொடக்கத்தில் அ-வின் வீச்சு 1, ஆ-வுடையது 0. முடிவில் அ-வின் வீச்சின் அளவை வர்க்கமாக்கினால் 0.37-ஐ ஒட்டி, சிறு நடுக்கத்தோடு விடை நிற்கும். வாய்பாட்டோடு அது பொருந்துவதைத் திரையில் பார்ப்பது நல்ல நிறைவு.

விடை பொருந்தாவிட்டால் பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று. ஒவ்வொரு படியிலும் மாறும் வீதத்தை ஒருமுறை மட்டும் எடுக்கும் ஆய்லர் முறையில் ஓட்டினால் இரு நிகழ்தகவுகளின் கூட்டல் 1-ஐத் தாண்டிப் பெருகிக்கொண்டே போகும். படிக்கு நான்கு முறை வீதத்தை எடுக்கும் நான்காம் வரிசை ரங்கே-குட்டா முறைக்கு மாறி, 0.0002 மைக்ரோவினாடிப் படிகளில் போங்கள். பைத்தானுக்கான சைபை (SciPy) நூலகத்தின் தயார்ச் சமன்பாட்டுத் தீர்ப்பானைப் பயன்படுத்தினால், தொடக்க மதிப்புகளைக் கலப்பெண்களாகவே கொடுங்கள். வெறும் 1, 0 என்று கொடுத்தால் அது கற்பனைப் பகுதியைத் தள்ளிவிடும். அடுத்து, அதன் இயல்பான பிழைவரம்பு இந்தக் கணக்குக்குத் தளர்வானது. அதைக் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே இறுக்குங்கள். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் கூட்டல் 1-ஆக இருக்கிறதா என்று அச்சிட்டுப் பார்ப்பது கட்டாயம்.

ஆறாம் படி: மெதுவாகவும் இல்லை, வேகமாகவும் இல்லை, தாளத்தோடு

மட்டங்களை நகர்த்தாமல், மட்ட இடைவெளியின் அதிர்வெண்ணிலேயே ஒரு சிறு புலத்தை ஆட்டிக்கொண்டிருந்தாலும் தாவல் நடக்கும். இது ஒத்ததிர்வு. 1937-இல் இசிடோர் ராபி இதற்குக் கணக்கு தந்தார், 1944-இல் நோபல் பரிசு பெற்றார். இங்கே அமைப்பு ஒரேயடியாகத் தாவுவதில்லை. நிகழ்தகவு கீழிருந்து மேலே போய், மறுபடி கீழே வந்து, இப்படியே அலைகிறது.

நம் ஊரிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. மருத்துவமனைகளில் பரவலாக இருக்கும் 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. கருவிக்குள் ஒருவர் படுத்தால், அவர் உடலின் நீரிலுள்ள புரோட்டான்களின் இரண்டு மட்டங்களுக்கும் இடையே 63.9 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி உண்டாகும். அந்த அதிர்வெண்ணில் 10 மைக்ரோடெஸ்லா அளவுள்ள சுழலும் புலத்தைக் கொடுத்தால், கீழ் மட்டத்திலிருந்து மேல் மட்டத்துக்கு முழுதாகப் போக 1.2 மில்லிவினாடி ஆகும். அதைப் பாதியில் நிறுத்தினால் இரு நிலைகளின் சமமான கலவை கிடைக்கும், படம் எடுக்க உதவும் சமிக்ஞை அதிலிருந்துதான் வருகிறது. உடல் வெப்பத்தில் பத்து லட்சம் புரோட்டான்களுக்குச் சுமார் ஐந்துதான் கீழ் மட்டத்தில் கூடுதலாக இருக்கும். அந்த ஐந்தை வைத்துக்கொண்டு மூளையின் படத்தை எடுத்துவிடுகிறோம் என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

அதிர்வெண் கொஞ்சம் தவறினால் என்ன ஆகும்? புலத்தின் வலிமையை அது உண்டாக்கும் அலைவின் அதிர்வெண்ணாக எழுதிக்கொள்ளுங்கள். தவறும் அளவு அதற்குச் சமமானால் நிகழ்தகவு பாதிக்கு மேல் ஏறாது. மூன்று மடங்கானால் பத்தில் ஒரு பங்கு, பத்து மடங்கானால் நூற்றில் ஒரு பங்கு.

இப்போது இந்தப் படியையும் நான்காம் படியையும் சேர்த்துப் பாருங்கள். ரேடியோ அதிர்வெண்ணை ஒத்ததிர்வுக்குக் கீழிருந்து மேலே மெதுவாகக் கடத்திச் சென்றால் புரோட்டான்கள் முழுதாகப் புரளும். புலத்தின் வலிமை உடலின் ஒரு பகுதியில் கூடி, இன்னொரு பகுதியில் குறைந்திருந்தாலும் புரளும். நேரத்தைத் துல்லியமாக அளந்து நிறுத்த வேண்டிய தேவை போய்விடுகிறது. ஃபெலிக்ஸ் பிளாக் 1946-இல் எழுதிய இந்த வழியின் வாரிசுகளை இன்றும் எம்.ஆர்.ஐ.-யில் பயன்படுத்துகிறார்கள்.

ஏழாம் படி: பெரிய இடங்களில் இதே கணக்கு

சூரியனின் மையத்தில் எலக்ட்ரான் வகையாகப் பிறக்கும் நியூட்ரினோ (மின்னூட்டமில்லாத, மிக இலேசான துகள்) வெளியே வரும் வழியில் எலக்ட்ரான் அடர்த்தி குறைந்துகொண்டே போகிறது. அந்த அடர்த்தி நியூட்ரினோவின் மட்டங்களை நகர்த்துகிறது, ஓரிடத்தில் அவை நெருங்கி விலகுகின்றன. சூரிய ஆரத்தின் பத்தில் ஒரு பங்கு தூரம் போனால்தான் அடர்த்தி 2.7 மடங்கு குறைகிறது. நியூட்ரினோவின் கணக்கில் இது மிக மெதுவான மாற்றம். ஆகவே அது தன் கோட்டிலேயே தங்கி, தன்மை மாறி வெளிவருகிறது. உயர் ஆற்றல் நியூட்ரினோக்களில் மூன்றில் ஒரு பங்குதான் எலக்ட்ரான் வகையாகப் பூமியில் தென்பட்டதற்கு இதுதான் காரணம். கனடாவின் சட்பரி நியூட்ரினோ ஆய்வகம் 2001, 2002 ஆண்டுகளின் அளவீடுகளால் இந்தத் தன்மை மாற்றத்தை உறுதிசெய்தது. மூன்றாம் படியில் தாளில் வரைந்த அதே இரண்டு வளைகோடுகள்தான்.

தாவல் கணப்பொழுதில் நடக்கிறதா என்று கேட்காத மாணவர் இல்லை. ஒற்றை அயனியில் தாவலை 1986-இல் மூன்று குழுக்கள் நேரடியாகக் கண்டன. அயனி பளிச்சென்று ஒளிரும், சட்டென்று இருண்டுவிடும், பிறகு மறுபடி ஒளிரும். பார்வைக்குக் கணப்பொழுதுதான். 2019-இல் யேல் பல்கலைக்கழகத்தில், மீக்கடத்துச் சுற்றால் ஆன செயற்கை அணுவில், தாவல் சில மைக்ரோவினாடிகளில் தொடர்ச்சியாக நடப்பதைக் கண்டார்கள். நடுவழியில் அதைத் திருப்பியும் அனுப்பினார்கள். அந்த ஆய்வில் பங்கேற்ற மிஷெல் டெவோரேவுக்கு, மின்சுற்றுகளில் ஆற்றல் மட்டங்களைக் காட்டிய முந்தைய வேலைக்காக 2025-இல் இருவரோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

கடைசியாக ஒரு பயிற்சி. ஐந்தாம் படியில் எழுதிய நிரலை, மட்டங்கள் ஒருமுறை கடந்ததும் அதே வேகத்தில் திரும்பி வருமாறு மாற்றுங்கள். ஒரு கடத்தலில் தாவும் நிகழ்தகவு 0.37 என்றால், போய்வந்த பிறகு மேல் கோட்டில் இருக்கும் நிகழ்தகவு சாதாரணக் கணக்கில் 2 × 0.37 × 0.63, அதாவது 0.47 ஆக வேண்டும். திரும்பும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஓட்டினால் விடை 0.47-இல் நிற்காது, 0-க்கும் 0.94-க்கும் நடுவே ஏறி இறங்கும். கீழ்க் கோட்டில் போன பகுதியும் மேல் கோட்டில் போன பகுதியும் திரும்பி வந்து ஒன்றோடொன்று குறுக்கிடுவதுதான் காரணம். நால்வரில் ஸ்டூக்கல்பர்க்கின் பெயர் இந்தக் குறுக்கீட்டோடுதான் சேர்த்துச் சொல்லப்படுகிறது. திரும்பும் இடத்தைக் கிடைமட்ட அச்சிலும் நிகழ்தகவைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைபடம் எடுங்கள். அடுத்தடுத்த இரண்டு உச்சிகளுக்கு இடையே இரு வளைகோடுகளும் அடைக்கும் பரப்பு எவ்வளவு கூடுகிறது என்று அளந்து பாருங்கள்.